காய்ந்த விறகு மட்டும்

வன அலுவலகத்தில் இருந்தவர்கள்: வன அதிகாரி ஸாஹிர், கத்தியோடு காட்டில் பிடிபட்ட தேயிலைத் தோட்ட லயத்துப் பெண்கள் மூன்று பேர். இராக்கம்மா, கலாராணி, லெட்சுமி. வேறு யாரும் இல்லை.

லுணுகலைக்கு மேலே இருப்பது அரசாங்கக் காடு. காய்ந்த விறகு பொறுக்கலாம். பச்சை மரத்தை வெட்டினால் வழக்கு. லயத்து அடுப்பெல்லாம் அந்த விறகில்தான் எரிகிறது.

"ஒன்பது மரம் நின்னபடியே செத்திருக்கு," என்றார் ஸாஹிர். "ஏதோ நோய். திங்கட்கிழமையிலிருந்து காட்டை மூடுறோம். விறகுக்கும் வரக்கூடாது. கத்திக்கு இன்னைக்கு எச்சரிக்கை மட்டும். போங்க."

லெட்சுமி எழுந்துவிட்டாள். இராக்கம்மா எழவில்லை.

"நோய் இல்ல சேர். நாங்கதான்."

"அக்கா, வாய மூடுங்க," என்றாள் கலாராணி.

"மூடினா அடுப்பையும் மூடணும்டி." இராக்கம்மா அதிகாரியைப் பார்த்தாள். "பச்சைய வெட்டினா கோர்ட்டு. அதனால அடியில சுத்திப் பட்டைய உரிச்சு, தெரியாம மண்ணு பூசிருவோம். சில மாசத்துல மரம் காஞ்சிரும். அப்புறம் அது காஞ்ச விறகுதானே?"

"எட்டு யூகலிப்டஸ் சரி. ஊத்துப் பக்கத்து நாவலையுமா?"

"அது பெரிய தப்பு. ஊத்துத் தண்ணி பாதியாப் போச்சு. குடிக்கிறதும் நாங்கதான்."

"இப்ப நான் வழக்கு போடலாம்."

"போடுங்க. லொறியில போற மரத்துக்குப் பர்மிட் இருக்கு, எங்க தலைச்சுமைக்கு இல்ல. யூகலிப்டஸ அடியோட வெட்டினா தேயிலை மாதிரி திரும்பத் தளிர்க்கும். கவ்வாத்து வெட்டுறது எங்களுக்குத் தெரியாததா? வருஷத்துக்கு எத்தனை மரம்னு நீங்க குறிச்சுக் குடுங்க. ஊத்துப் பக்கம் எவ கை வச்சாலும் நானே பிடிச்சுக் குடுக்கிறேன்."

"செய்வா சேர்," என்றாள் லெட்சுமி. "கள்ளத்தனமா கசிப்புச் சாராயம் காய்ச்சின புருஷனையே பொலிசுல பிடிச்சுக் குடுத்தவ."

ஸாஹிர் சிரிக்கவில்லை. விறகுக்கென மரம் ஒதுக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதலாம். இங்கு வந்த நாலு வருஷத்தில் அவர் ஒருமுறையும் எழுதியதில்லை. இப்போது எழுதினார். எழுதி முடிக்க அரைமணி நேரம் ஆனது.

"கிடைக்கும்னு வாக்குக் குடுக்க மாட்டேன். பதில் வரும் வரைக்கும் காடு திறந்திருக்கும். ஊத்தைச் சுத்தி நாவல் நடணும். ஒரு கன்று செத்தாலும் உங்களைத்தான் கேட்பேன்."

"கேளுங்க."

"சரி, வெட்டினா தளிர்க்கிற மரம் எதுன்னு வந்து காட்டுங்க."

அவர் மரத்தில் குறி போடும் வெள்ளைப் பெயிண்ட் டின்னை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கடைசியாக வந்தவள் இராக்கம்மா. அவளுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினார்.