சுற்றிலும் அரை இஞ்ச்

பத்தொன்பது வருஷமாகத் தையல் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறவளுக்குக் கத்திரி அக்கா என்றுதான் பெயர். உடுப்புகளுக்கு அளவு வரைகிற மாதிரி அறையிலிருந்து வரும் வெட்டு அட்டைகளில் ஒரு கை நீளும், கழுத்து இறங்கும். அக்கா சத்தம் காட்டாமல் சரிசெய்து வெட்டுவாள். நல்ல பெயர் மட்டும் மாதிரி அறைக்குப் போய்ச் சேரும். அந்த அறையில் ஓர் இடம் காலியானதும் மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"பள்ளிக்கூடக் கணக்குப் பரீட்சையில 'பி' கிரேடு வேணும்க்கா. விதி அப்படி. உங்களுக்கு எதுக்கு இந்த வயசுல இந்த வம்பு?"

விதியாம்! அந்த அறையில் இருந்த 'பி'க்களின் லட்சணம்தான் தினமும் அவள் மேஜைக்கு வருகிறதே. அக்காவுக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே தனித்தேர்வுக்குப் படிவம் நிரப்பிவிட்டாள். 'பி' என்றால் நூற்றுக்கு அறுபத்தைந்து. கையில் எட்டு வாரம்.

முதல் வாரம் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து பிடித்தாள். பன்னிரண்டாம் பக்கத்திலேயே மூச்சு முட்டியது. ஓரத்திலிருந்து வெட்டிக்கொண்டே போகிற முட்டாள் உண்டா, பெரிய துண்டுகளை முதலில் பரப்பிப் பார்க்க வேண்டாமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சாப்பாட்டு மேஜைமேல் பழுப்புத் தாளை விரித்தாள். போன வருஷம் இதே தேர்வை எழுதிய மகளிடம் பத்துப் பழைய வினாத்தாள்களை வாங்கி, எந்தப் பாடத்துக்கு எவ்வளவு மார்க் என்று எண்ண ஆரம்பித்தாள்.

"தட்டை எங்க வைக்கிறதாம்?" என்றார் பஸ் ஓட்டும் கணவர்.

"மடியில வெச்சுக்குங்க."

அளவியல் பதினாறு. சதவீதம் பதினான்கு. சமன்பாடு பதினான்கு. புள்ளியியல் பன்னிரண்டு. வரைபடம் பத்து. மொத்தம் அறுபத்தாறு. மற்றதையெல்லாம் ஒரே கோடாக அடித்துவிட்டாள்.

"பாத்தியாடி, ஒரே ஒரு மார்க்தான் கழிவு!" என்று மகளிடம் பீற்றிக்கொண்டாள்.

விடிகாலையில் சமன்பாடு, பஸ்ஸில் சதவீதம். சாப்பாட்டு இடைவேளையில் கூட வேலை செய்யும் பதினோரு பெண்களின் இடுப்பை அளந்து சராசரி கண்டுபிடித்தாள். அதில் ஒருத்தி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தேர்வுக்குப் பதின்மூன்று நாள் இருக்கும்போது மகள் கடிகாரம் வைத்து ஒரு பழைய தாளை எழுத வைத்தாள். திருத்தி முடித்ததும் அவள் முகம் தொங்கிவிட்டது.

"அம்பத்தெட்டும்மா. வழியெல்லாம் சரிதான். ஆனா இங்க கழித்தல் குறிய விட்டுட்ட. இங்க சதுர சென்டிமீட்டர் போடல. இங்க அச்சுக்குப் பேரே இல்ல."

கணவர்கூடக் கேலி பேசவில்லை. அதுதான் அக்காவை அதிகமாகப் பயமுறுத்தியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பழுப்புத் தாளையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"அட மடச்சி! உடம்பு அளவுக்கே வெட்டி வெச்சிருக்கேனே! தைக்கிறதுக்குத் துணி எங்க விட்டேன்?"

எந்தத் துணியிலும் சுற்றிலும் அரை இஞ்ச் விட்டுத்தான் வெட்டுவாள். தையலில் அது போய்விடும் என்று தெரிந்தேதான் விடுவாள். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் செய்யாத தப்பைத் தன் சொந்த வேலையில் செய்திருந்தாள்.

அடித்துத் தள்ளியதிலிருந்து இரண்டு சின்னத் துண்டுகளைப் பொறுக்கினாள். கணங்கள் ஆறு, நிகழ்தகவு ஆறு. முக்கோணவியலும் வட்டமும் இருந்த திசைக்கே போகவில்லை. பதின்மூன்று நாளில் அந்தப் பன்னிரண்டு மார்க்கையும் கரைத்துக் குடித்தாள்.

தேர்வன்று வாசலில் நின்ற ஆசிரியை, "பெற்றோர் வெளியிலதான் இருக்கணும்" என்றார். அக்கா அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டு நிமிர்ந்து உள்ளே நடந்தாள். அளவியலில் ஒரு கூம்பு அவளைத் திண்டாட வைத்தது. 'போனால் போ, உனக்கும் சேர்த்துத்தான் விட்டிருக்கேன்' என்று அதைத் தாண்டினாள். பைக்குள் இருக்கும் சிவப்புப் பந்து, நீலப் பந்து பற்றிய கேள்வியில் பந்துகளைப் பொத்தான்களாக நினைத்துக்கொண்டாள். மளமளவென்று விடை வந்தது.

சில வாரம் கழித்துச் சான்றிதழ் வந்தது. அறுபத்தேழு!

மகள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள். கணவர் வந்தவர்களிடமெல்லாம் "அறுபத்தேழு, அறுபத்தேழு" என்று தானே எழுதியதுபோல் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். அந்தப் பன்னிரண்டு இல்லாவிட்டால் ஐம்பத்தைந்துதான் என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் மேனேஜரின் மேஜைமேல் சான்றிதழை வைத்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தரம் படித்தார்.

"அடேயப்பா! ரெண்டே மார்க்ல தப்பிச்சிட்டீங்களே அக்கா."

"தப்பிக்கல சார்," என்றாள் கத்திரி அக்கா. "அது நான் விட்டு வெட்டினது."

மேனேஜர் மேஜை இழுப்பறையைத் திறந்து மாதிரி அறைச் சாவியை எடுத்தார்.