கண் எரியாத வெங்காயம்

கராஜ் கதவைத் தூக்கிய அஜித்தாவின் கைகள் பாதியிலேயே நின்றுவிட்டன.

ஆணி இருந்தது. ஆணியில் தொங்கிய சிவப்பு வலைப்பையைக் காணவில்லை.

கணவன் குணநாயகத்தைக் கிரமட்டோரியத்தில் எரிக்கக் கொடுத்துவிட்டு வந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கூட வந்தவர்கள் வாசல் குழாயில் கால் கழுவி, தலையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். அவள் மட்டும் தலை முழுகித்தான் உள்ளே போகலாம். வாளி எடுக்க வந்தவள், வாளியை மறந்து ஆணியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பைக்குள் இருந்தவை டாஃபடில் கிழங்குகள். லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் பஸ் ஓட்டிய மனிதருக்கு வீதியோரத்து மஞ்சள் பூக்களைப் பார்த்துப் பார்த்துப் பிடித்த பித்து அது. பூத்து முடிந்த பிறகும் இலையை வெட்ட விடமாட்டார். தானாகப் பழுக்கவேண்டும். அதற்குப் பிறகு கிழங்கைக் கிண்டியெடுத்து, காயவைத்து, வெங்காயம் வந்த வலைப்பையில் கட்டித் தொங்கவிடுவார். பார்த்தால் அசல் வெங்காயம். "உங்கட வெங்காயம்" என்றுதான் அவளும் நக்கலடிப்பாள். அவர் சிரிக்கமாட்டார். ஆரும் மாறிச் சமைத்தால் ஆஸ்பத்திரிதான், அவித்தாலும் அந்த நஞ்சு போகாது என்பார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாகத் தெளிவாகப் பேசியதும் அதைப் பற்றித்தான்.

"இஞ்சேரும், மழை இறுக முன்னம் அதுகளை ஊண்டிப்போடும்."

"நீங்கள் எழும்பி வந்து ஊண்டுங்கோ," என்று சொல்லியிருந்தாள்.

நேற்றிரவு குணநாயகத்தின் அக்கா சிவமலர் சமையலுக்கு வெங்காயம் எங்கே என்று கேட்டதும், நிமிராமலே "கராஜுக்க" என்று தான் சொன்னதும் இப்போது அவளுக்கு நினைவுக்கு வந்தது. அவள் சொன்னது தரையில் கிடந்த சாக்கை. அந்தச் சாக்கு வெறுமையாகிச் சுருண்டு கிடந்தது. போதாமல் பையிலும் கை வைத்தார்களா? அல்லது யாராவது பையை எங்காவது எடுத்து ஒதுக்கினார்களா?

பின்பக்கத்தால் சாம்பார் வாசம் வந்தது. அறுபது பேருக்கான சாப்பாடு. சிவமலர் விடியமுன்னம் எழும்பி, தம்பிக்குப் படைக்கிற சாப்பாடென்று அடுப்பை ஒருவரையும் அண்டவிடாமல் தானே காய்ச்சியது. படையலுக்கு வைப்பதை ருசி பார்ப்பது அவர்கள் வழக்கத்தில் இல்லை. ஒரு வாய்கூட ஒருவரும் வைத்திருக்கமாட்டார்கள்.

நிச்சயமில்லாமல் அலறினால், செத்த வீட்டுச் சாப்பாட்டில் நஞ்சு என்று மச்சாளின் முகத்தில் அடித்ததாகும். பேசாமல் இருந்தால்?

குப்பைவாளியைத் திறந்தாள். மண்ணிறத் தோல்கள் மேலும் கீழுமாகக் கிடந்தன. இரண்டும் ஒரே நிறம். முகர்ந்து பார்த்தாள். வெங்காய மணம் அடித்தது. சாக்கு வெங்காயமும் இதற்குள்தானே இருக்கிறது!

கேற்றடியில் சிகரெட்டோடு நின்றார் சிவமலரின் கணவர் கணேசலிங்கம். சிகரெட்டைப் பிடித்த கையை மற்றக் கையால் விறாண்டிக்கொண்டிருந்தார். விரலிடுக்குகள் சிவந்து தடித்திருந்தன.

"கையில என்ன அண்ணை?"

"உந்த வெங்காயம் உரிச்ச நேரம் தொட்டுக் கடிக்குது." புகையை ஒதுக்கிவிட்டார். "ஆனால் கடைசியில மலர் தந்தது நல்ல சாதி அஜித்தா. சாக்கில இருந்தது கண்ணைப் பறிச்சுப்போட்டுது. சிவப்புப் பையில இருந்ததுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரேல்லை. செத்த வீட்டில அழாமல் வெங்காயம் உரிச்ச ஆள் நான்தான்."

சொல்லிவிட்டுத்தான் யாரிடம் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தார். கேட்க அவள் அங்கே இல்லை.

பின்கதவில் சிவமலர் வழிமறித்தாள். "முழுகாமல் உள்ள வரப்படாது. படையல் வைச்சாச்சு."

அஜித்தா அவளை ஒதுக்கிக்கொண்டு சப்பாத்தோடு உள்ளே போனாள். யாரோ "ஐயோ" என்றார்கள். குணநாயகத்தின் படத்துக்கு முன் இலை விரிந்திருந்தது. சோறு, பருப்பு, சாம்பார். படத்துக்குப் பக்கத்துக் கதிரையில் மகள் கம்சிகா. ஏழு மாத வயிற்றோடு உடலைப் பார்க்கப்படாதென்று வீட்டிலேயே நிறுத்திவைக்கப்பட்டவள். நேற்றிலிருந்து பட்டினி. படையல் முடிந்ததும் முதல் சோற்றுக் கோப்பை அவளுக்கே கொடுத்திருந்தார்கள். குழைத்த பிடி வாய்க்குப் பக்கத்தில் நின்றது.

அஜித்தா ஓங்கித் தட்டினாள். கோப்பை சுவரில் மோதி விழுந்தது.

சோறு தரையெல்லாம் சிதறியது.

"வாயில வைச்சனியோ?"

"இல்லை அம்மா... வட் ஹப்பண்ட்?"

அஜித்தா திரும்பினாள். "ஒருத்தரும் சாம்பாரில கை வையாதேங்கோ."

மனிசிக்குத் தலை பிசகிப்போட்டுது என்று மூலையில் ஒருத்தி முணுமுணுத்தாள். சிவமலரின் முகம் கறுத்துவிட்டது.

"என்ர தம்பிக்கு நான் காய்ச்சினது அது."

"தெரியும் மச்சாள். சிவப்புப் பையில இருந்தது வெங்காயமில்லை. அவற்ற பூக்கிழங்கு. நஞ்சு."

சிவமலர் அடுப்படியைப் பார்த்தாள். பிறகு கதவடியில் கையை விறாண்டிக்கொண்டு வந்து நின்ற கணவனைப் பார்த்தாள்.

"நீர்தானே கராஜுக்க எண்டனீர்," என்றாள். குரல் இறங்கியிருந்தது.

"ஓம். நான்தான் சொன்னன்."

சிவமலர் படத்துக்கு முன்னால் போய்க் குந்தினாள். தம்பிக்குப் போட்ட இலையைத் தன் பக்கமாக மடித்தாள். ஒரு பருக்கையும் சிந்தாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியே போனாள்.

பெரிய சட்டிச் சாம்பார் கறுப்புப் பைகளுக்குள் போனது. கடையிலிருந்து இடியப்பப் பார்சல்கள் வந்தன. வந்தவர்கள் அவசரமாகச் சாப்பிட்டு, அவசரமாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். கம்சிகாவும் சாப்பிட்டுவிட்டு மாடியில் படுத்துவிட்டாள். அஜித்தா முழுகினாள். முழுகியும் இருப்புக்கொள்ளவில்லை. நடந்தாள், இருந்தாள், திரும்பவும் எழும்பினாள். அடுப்படி ஜன்னலோரம் அந்தச் சிவப்புப் பை கிடப்பதைக் கண்டாள். அடியில் ஒரு கைப்பிடி மிச்சம். பொடிக் கிழங்குகள். சின்னதென்று உரிக்கப் பஞ்சிப்பட்டு விட்டவை.

பின்வளவில் அவள் சோற்றகப்பையால் மண்ணைக் கிண்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நிழல் விழுந்தது. சிவமலர் சேலையை ஒதுக்கிக்கொண்டு ஈரப்புல்லில் குந்தினாள். பையிலிருந்து ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம் மேல?"

"கூர்ப் பக்கம்."

"எவ்வளவு ஆழம்?"

குணநாயகம் ஆழம் பார்க்கக் குழிக்குள் கையை விடுவதை அஜித்தா ஜன்னலால் பல வருடம் கண்டிருக்கிறாள். தன் கையைக் குழிக்குள் விட்டாள். மண் மணிக்கட்டைத் தொட்டது. அவருடைய கை அதைவிடப் பெரிது. இன்னும் கொஞ்சம் கிண்டினாள்.

கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த சாம்பார்ச் சட்டியின்மேல் மழை விழத் தொடங்கியது. இருவரும் எழும்பவில்லை.