இடப்பக்கம் இழுக்கும் மெஷின்

சட்டைக் கம்பெனியில் அவளைக் காலரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சேர்ந்த நாளிலிருந்து காலர் தைப்பதைத் தவிர வேறு வேலை கொடுத்ததில்லை, அவளும் கேட்டதில்லை. கேட்கிற பழக்கமே அவள் பிறந்த வீட்டில் கிடையாது.

அவளுடைய மெஷின் துணியை இடப்பக்கமாக இழுக்கும். ஆரம்பத்தில் லேசாகத்தான் இழுத்தது. நாமே சமாளித்துக்கொள்வோம் என்று, வலது மணிக்கட்டால் எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடித்துத் தைக்கப் பழகினாள். தையல் நேராக வந்தது. நேராகத் தைக்கிற மெஷினை எந்த மெக்கானிக் எட்டிப் பார்ப்பான்?

மெஷின் மக்கர் செய்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைத் தூக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. காலரக்கா விதிப்படி தூக்குவாள். பக்கத்து மெஷின்காரி தூக்கமாட்டாள், கத்துவாள். வெண்கலத் தொண்டை, பட்டப்பெயரே வெண்கலம்தான். நூல் அறுந்ததற்கு அவள் போடுகிற சத்தத்தில் மெக்கானிக் பாதி தின்ற பன்னைப் போட்டுவிட்டு ஓடி வருவான். காலரக்காவின் கையைப் பார்த்தவர்கள் சோம்பல் முறிக்கிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

இந்த வாரம் மணிக்கட்டு வீங்கிவிட்டது. காலர்கள் கோணிக்கொண்டு திரும்பி வந்தன. இன்னொன்று வந்தால் பிசிறு வெட்டுகிற மேஜைக்கு மாற்றிவிடுவதாகச் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அங்கே நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. படி ஏறவே முனகுகிற முழங்கால்களோடு அவள் ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டாள். பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

காலையிலிருந்து கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். மெக்கானிக் மறுபடியும் அவளைத் தாண்டி வெண்கலத்திடம் போனபோது, அலுத்துப்போய், தன்னையறியாமல் கத்திவிட்டாள்.

"முதல்ல என் மெஷினைப் பாருங்க."

வரிசை முழுக்கத் தையல் நின்றது. வெண்கலமே வாயைப் பிளந்தாள். மெக்கானிக் வந்தான், குனிந்தான், துணியை நகர்த்துகிற பல்லுக்கு அடியில் ஒரு திருகை முறுக்கினான். அவ்வளவுதான். இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை என்று அவளையே கேட்டுவிட்டுப் போனான்.

தைத்தாள். காலர் வலப்பக்கம் கோணியது. அடுத்ததும் அப்படியே. மெஷின் இழுப்பதை விட்டுவிட்டது. அவள் கை விடவில்லை.

சூப்பர்வைசர் அந்தக் காலரை எடுத்துப் பார்த்தார். "மெஷின் சரியாத்தானே இருக்கு, இன்னும் என்னம்மா?"

ஒரு தடவை கத்தியதற்கே உடம்பு ஓய்ந்துபோயிருந்தது. மறுபடியும் வாயைத் திறக்க வேண்டும் என்று நினைக்கவே சலிப்பாக இருந்தது. பேசாமல் எழுந்து அந்த மேஜைக்கே போய்விடலாமா என்றுகூடப் பார்த்தாள். முழங்கால் ஞாபகம் வந்தது.

"மெஷின் சரியாயிடுச்சு சார். என் கைதான் கோணலாப் பழகிடுச்சு. நேராக்க ரெண்டு நாள் குடுங்க."

"சரி, எடுத்துக்குங்க. சொன்னாத்தானே தெரியும்" என்று காலரை அவள் மடியில் போட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார்.

காலரக்காவுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரே ஒரு திருகுக்காகவா இத்தனை வருஷம் என்று ஆத்திரம்தான் வந்தது. வீங்கிய கையால் கோணல் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். பாதி பிரித்த பிறகுதான், நாலு நாள் கேட்டிருக்கலாமே என்று தோன்றியது.