பதினொன்றாம் அறையின் உயரம்

அமீரகத்தின் புஜைராவில் எண்ணெய்த் தொட்டி கழுவுகிறவர்கள் தங்கும் கேம்பில், பதினொன்றாம் அறை மட்டும் கடல் மட்டத்திலிருந்து நாலாயிரத்து இருநூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருபுறமும் உள்ள பத்தும் பன்னிரண்டும் ஒன்பது மீட்டர்தான். எல்லாம் ஒரே வரிசை, ஒரே தரை.

2019-இல் கான்ட்ராக்ட் முடிந்து ஊருக்குப் போன நேபாளி ஒருவர் தன் கம்பளியைப் பதினொன்றாம் அறைக் கார்மேகத்திடம் விட்டுப் போனார். அதை உதறியபோது விதை விழுந்திருக்க வேண்டும். ஏசித் தண்ணீர் சொட்டும் தரை வெடிப்பில், முள்போல ரோமம் அடர்ந்த இலைகள் வந்தன. செடியோடு அதன் மலையும் வந்தது. அந்த வாரச் சமையல் முறை கார்மேகத்துடையது. தண்ணீர் எண்பத்தாறு டிகிரியிலேயே கொதித்தது, சோறு வேகவில்லை. மனைவி மீனாம்பாளோடு போனில் பேசிக்கொண்டு அடுப்பைக் கவனிக்காமல் விட்டார் என்று கூட இருந்த மூவரும் இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. அடுத்த முறைக்காரன் சதீஷ்குமார் வைத்த சோறும் வேகாததால் குக்கர் வாங்கினார்கள். ஆகஸ்டில் வெளியே நாற்பத்தேழு டிகிரி, உள்ளே கட்டில் கம்பியில் உறைபனி. டியூட்டி முடிந்து வந்ததும் நாலு பேரும் கம்பளியைக் கால்மேல் விரித்துக்கொண்டு, மூச்சு வாங்க, சீட்டு விளையாடினார்கள். கார்மேகத்துக்கு அந்த வருடங்கள் பிடித்திருந்தன.

ஐந்தாம் வருடம் ஜூனில் பூத்தது. மெல்லிய நீல இதழ்கள், நடுவே மஞ்சள். கேம்ப் கடைக்காரர் கௌஸ் முகைதீன் எட்டிப் பார்த்து, இது கசகசா ஜாதி என்றார். குருமாவுக்கென்று ஒரு பிடி கசகசா கொண்டுவந்தாலும் ஜெயில் என்பதை விமானம் ஏறும் முன்பே எல்லாருக்கும் சொல்லி அனுப்புகிறார்கள். இது வேறு வகை, பனிமலைப் பாறைகளுக்கிடையே வளர்வது, இதில் போதை கிடையாது என்று சொல்ல அங்கே ஆளில்லை. இருவர் அன்றே அறை மாறினார்கள். சதீஷ்குமார் பெட்டியோடு வாசலில் நின்றான்.

“புடுங்கிப் போட்டுருங்கண்ணே. இப்பவே மூணு பேரும் திரும்பி வந்துர்றோம்.”

“அஞ்சு வருசம் கழிச்சு இப்பத்தான் தம்பி பூத்துருக்கு.”

“பூவோடயா சீட்டாடப் போறீங்க?”

கார்மேகம் தண்டைப் பிடித்தார். ரோமம் குத்தியது. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

“குக்கர் இங்கயே இருக்கட்டும்ணே,” என்றான் சதீஷ்குமார். “கீழ எங்களுக்கு எதுக்கு.”

இந்த வகை ஒரே முறை பூத்துக் காய்ந்துவிடும். மூன்று வாரத்தில் அது காய்ந்தது. அறை இறங்கவில்லை. ஏன் மூச்சு வாங்குகிறது என்று மீனாம்பாள் போனில் கேட்டால், ஏறி வந்தேன் என்கிறார். செப்டம்பரில் புது ஆட்களுக்கு இடம் பார்க்க வந்த கேம்ப் பாஸ், காலிக் கட்டில்கள் மூன்றுக்கும் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒவ்வொன்றின் கீழும் ரோமம் அடர்ந்த சிறிய இலைகள் இருந்தன. வெளியே வந்து, மூச்சு நிதானப்பட்ட பிறகு, பதிவேட்டில் பதினொன்றாம் அறைக்கு நேரே நாலு பேர், இடமில்லை என்று எழுதிவிட்டுப் பன்னிரண்டாம் அறைக்குப் போனார்.