மூன்று சுற்று வெள்ளை டேப்

ஒரு காலில் ஷூவும் மறு காலில் வெறும் சாக்ஸுமாக நின்றபடிதான், அன்று காலை பிளம்பர் தன் மனைவியின் கிடாருக்கு டேப் சுற்றினார். குழாய் மரையில் தண்ணீர் கசியாமலிருக்கச் சுற்றுகிற அதே வெள்ளை டேப்.

கிடாரில் கம்பிகள் வந்து முடியும் இடத்தில் வளைந்த எஃகுக் கைப்பிடி ஒன்று மரையில் முறுகி நிற்கும். வாமி பார் என்பார்கள். அழுத்தினால் சுரம் இறங்கும், விட்டால் ஏறும், லேசாக ஆட்டினால் பாடுகிறவர் குரல் போல நடுங்கும். மருந்துக்கடையில் வேலை முடிந்து வந்து, இரண்டு மாதமாக அவள் அந்த நடுக்கத்தோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கைப்பிடியோ துளைக்குள் லொடலொடவென்று ஆடியது. சுரத்தை மீட்டிவிட்டுக் கையை நீட்டினால் அது கீழே தொங்கிக்கொண்டிருக்கும். தேடிப் பிடிப்பதற்குள் சுரம் அடங்கிவிடும்.

"தண்ணியே வராத எடத்துக்கு நான் டேப் சுத்தறது இதான் மொதத் தடவ," என்றார்.

"நான் வாசிச்சா உங்க கண்ணுல வருதே, அது தண்ணி இல்லையாக்கும்?"

"அது பூனை வால மிதிச்ச சத்தம் கேட்ட பாவம். இங்க பாரு, மூணு சுத்து. கைப்பிடி எந்தப் பக்கம் முறுகுதோ அந்தப் பக்கமே சுத்தணும். மாத்திச் சுத்தினா சுருண்டுக்கும்."

"பாடம் போதும், பஸ் போயிடும்."

டேப்பை அறுத்து, சுருளின் நுனியை ஒரு மடிப்பு மடித்துவிட்டார். அடுத்த முறை நகத்தால் சுரண்டித் தேட வேண்டாமே என்று எப்போதும் செய்வதுதான். பிறகு கைப்பிடியை முறுக்கி, அவள் கைக்கு எட்டும்படி திருப்பி விட்டார்.

"விட்ட எடத்துல நிக்குது பாத்தியா? இனி உன் பாடு. ஆனா அழுத்திட்டு டக்குனு விடாத. வால்வு தெறக்கற மாதிரி, உள்ள இருக்கற அழுத்தம் கைக்குத் தெரியணும். சாயங்காலம் வந்து கேக்கறேன்."

பகல் பதினோரு மணிக்கு, வேலைக்குப் போன வீட்டின் மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

ஐந்து மாதம் கிடார் போர்வைக்குள் நின்றது. ஞாயிறுதோறும் வந்துபோகும் கொழுந்தன், அவனும் பிளம்பர்தான், ஒருநாள் போர்வையை விலக்கிப் பார்த்தான்.

"ஏன் அண்ணி, தொடறதே இல்லையா?"

"ஆட்ட ஆட்ட அந்த டேப் தேயுமில்ல?"

அவன் குனிந்து பார்த்தான். கைப்பிடியின் அடியில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. யார் சுற்றியது என்று அவன் கேட்க வேண்டியிருக்கவில்லை; அந்தக் காலையை, ஒற்றை ஷூவிலிருந்து பூனை வரை, அவள் முன்பே அவனிடம் சொல்லியிருந்தாள்.

"பொய் சொல்லலாம்னுதான் பாக்கறேன். தேயும் அண்ணி. குழாய்ல சுத்தினா அசையாது, வருஷக்கணக்கா கெடக்கும். இத நீங்க ஆட்டிக்கிட்டே இருப்பீங்க."

"கழட்டித் திருப்பி மாட்டினா?"

"ஒரு தடவ கழட்டினா அந்த டேப் அவ்வளவுதான்." தலையைச் சொறிந்தான். "ஆனா அசையாம நிக்கற சாமானுக்கு அண்ணன் எதுக்கு ஷூவக் கூடப் போடாம சுத்தினாரு?"

அவன் போன பிறகு போர்வையை மடித்து அலமாரியில் வைத்தாள்.

முதல் வாரங்களில் கண்ணாடிப் பாத்திரத்தைத் தொடுவது போலத்தான் தொட்டாள். அப்படித் தொட்டதில், அழுத்தம் கைக்குத் தெரிய ஆரம்பித்தது. அழுத்துவதைவிட விடுவதுதான் கடினம் என்பதும் தெரிந்தது. வேலை முடிந்து வந்ததும் தினமும் அரைமணி நேரம். கைப்பிடியின் பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்வதை உணர்ந்துகொண்டேதான் ஆட்டினாள்.

ஒரு ஞாயிறு மாலை, கொழுந்தன் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஒரே ஒரு சுரம் இறங்கி, நடுங்கி, போன வழியே நிதானமாக ஏறி வந்தது. அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"அண்ணி, பூனை பொழச்சுது."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தபடி கையை எடுத்தாள். கைப்பிடி மெல்லச் சரிந்து கீழே தொங்கியது.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் சுத்தித் தரட்டா?"

"வேண்டாம்ப்பா."

அவளே கழற்றினாள். டேப் நூல்நூலாகக் கிழிந்து மரையில் ஒட்டியிருந்தது. நகத்தால் எடுத்து, ஒரு காலி மாத்திரைக் குப்பியில் போட்டு மூடினாள். அவருடைய கருவிப் பையிலிருந்து டேப் சுருளை எடுத்தாள். நுனி மடித்தே இருந்தது. அந்த மடிப்பின் மேல் விரலை வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு இழுத்தாள்.

முதலில் மாற்றிச் சுற்றிவிட்டாள்; முறுக்கியதும் சுருண்டுகொண்டு வந்தது. கொழுந்தன் வாயைத் திறந்து, மூடிக்கொண்டான். மறுபடி, முறுகுகிற பக்கமே, மூன்று சுற்று. அறுத்து, சுருளின் நுனியை ஒரு மடிப்பு மடித்தாள். கைப்பிடியை முறுக்கித் தன் கைக்கு எட்டும்படி திருப்பி, விட்டாள்.

விட்ட இடத்தில் நின்றது.