நார்மல் அக்காவின் ரத்தம்

புது கிட் வந்தால் முதல் ரத்தம் அவளுடையதுதான். அந்தப் பரிசோதனைக்கூடத்தில் அது எழுதாத சட்டம். எந்த டெஸ்டுக்கான பெட்டி வந்து இறங்கினாலும் நோயாளிகளின் ரத்தத்தைத் தொடுவதற்கு முன்னால், நோய்நொடி இல்லாத ஓர் ஆளின் ரத்தத்தை ஓட்டிப் பார்ப்பார்கள். மெஷின் உண்மை பேசுகிறதா என்று தெரிய வேண்டுமே! இதற்கென்று கம்பெனிக்காரர்களே சின்னப் புட்டியில் அளவு தெரிந்த திரவம் ஒன்றைக் கொடுத்தனுப்பத்தான் செய்வார்கள். ஆனால் புட்டியைவிட ஆளை நம்புவது அங்கே பழக்கமாகிவிட்டது. சர்க்கரையோ உப்போ கொழுப்போ, எதை ஓட்டினாலும் அவளுடைய எண்கள் கோட்டுக்குள் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும். ஆறு வருடமாக இப்படித்தான். அதனால் கூட வேலை செய்கிற பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் நார்மல் அக்கா.

வீட்டில் அவளுக்கு வேறு பெயர். கடுகு. எண்ணெயில் விழுந்த கடுகாக வெடிக்கிறாள் என்று கணவன் வைத்தது. கல்யாணமான புதிதில் அது கொஞ்சல். நாளாக ஆக அதிலிருந்த கொஞ்சல் கழன்றுகொண்டு வெறும் பெயர் மிஞ்சியது. சொல்லிக்கொள்ளும்படியான காரணம் எதுவும் இல்லாமல் உடம்பு அடித்துப்போட்டது போலிருக்கும். காலையில் எழுந்திருக்கும்போதே ஒரு நாள் வேலை முடிந்த களைப்பு. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. எல்லோரும் ஃபேன் போடச் சொல்கிற வெயிலில் இவளுக்கு மட்டும் பாதம் சில்லிட்டுக் கிடக்கும். அப்புறம் அந்தக் கோபம். எங்கிருந்து வருகிறதென்று தெரியாது. வந்துவிட்டால் வந்ததுதான். போனபிறகு, நானா இவ்வளவு கத்தினேன் என்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள். இவள்தான் நார்மல் அக்கா. கேட்டால் சிரிப்பு வரும்.

தைராய்டு ஆன்டிபாடி டெஸ்டை அதுவரை வெளியூர் லேபுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இனி இங்கேயே பார்த்துவிடலாம் என்று டாக்டரம்மா கிட் வரவழைத்தார். டாக்டரம்மாதான் அந்தக் கூடத்தின் முதலாளி. வழக்கம்போல ஜூனியர் பெண் ரப்பர் பட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள், இவள் இடது கையை நீட்டினாள். முப்பத்து நான்குக்குள் இருந்தால் நார்மல். மெஷின் ஆயிரத்து இருநூற்று எண்பத்தாறு என்றது.

"அக்கா, கிட் ஊத்திக்கிச்சு" என்றாள் ஜூனியர்.

இவளும் அப்படித்தான் நினைத்தாள். ஒரே ஒரு கணம்கூட வேறு மாதிரி நினைக்கவில்லை, அதுதான் வேடிக்கை. கம்பெனிப் புட்டி சரியான எண்ணைத்தான் காட்டியது. அப்படியானால் புட்டியும் கெட்டுப்போயிருக்கிறது என்று இரண்டு பேரும் சேர்ந்து தீர்ப்பு எழுதினார்கள். கிட் விற்கிற ஆளுக்கு இவளே போன் போட்டு வாங்கு வாங்கென்று வாங்கினாள். "இந்த லட்சணத்துல ஒரு கிட்டா? இதை நம்பி ஜனங்களுக்கு ரிப்போர்ட் குடுத்தா, நல்லா இருக்கிறவங்களை எல்லாம் நோயாளி ஆக்கிடுவீங்க போலிருக்கே!" என்றாள். அந்த மனுஷன் வேறு பெட்டி அனுப்பிவைத்தார். அதில் ஆயிரத்து முந்நூற்று ஒன்று வந்தது. இவள் மறுபடி போனை எடுத்தாள்.

இந்தமுறை அவர் நேரிலேயே வந்துவிட்டார். வெயிலில் அலைந்து கறுத்த முகம், தோளில் பை. பையைக்கூட இறக்கவில்லை. சட்டைக் கையை மடித்து நாற்காலியில் உட்கார்ந்து, "என் ரத்தத்தை எடுங்க மேடம்" என்றார். பதினொன்று. ஜூனியர் பெண்ணும் தன் ரத்தத்தைக் கொடுத்தாள். ஒன்பது. மூன்று பேரும் மெஷினைப் பார்த்தபடி நின்றார்கள். அவர் ஜெயித்த முகத்தோடு இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் இவளும் திருப்பிக் கொடுத்திருப்பாள், கணக்குத் தீர்ந்திருக்கும். அந்த ஆளோ தலையைக் குனிந்துகொண்டு, "சாரி மேடம்" என்றார், சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி. சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு மெதுவாக வெளியே போனார்.

டாக்டரம்மா தன் அறையில் உட்கார வைத்துப் பேசினார். "உடம்புல காவலுக்குன்னு ஒரு படை இருக்கு, உனக்குத் தெரியாததா? அது வீட்டு ஆளையே திருடன்னு நினைச்சு அடிக்குது. உன் தைராய்டு சுரப்பி அடி வாங்கிட்டே இருந்திருக்கு, பாவம், அதுவும் சமாளிச்சுக்கிட்டே இருந்திருக்கு. அதான் நாம வருஷா வருஷம் பாத்த தைராய்டு டெஸ்ட், அந்த டி.எஸ்.எச்., கோட்டுக்குள்ளயே நின்னுச்சு. இப்பதான் அது லேசா தாண்டியிருக்கு. சின்ன மாத்திரை ஒண்ணு போதும். காலையில வெறும் வயித்துல."

"இந்தச் சோர்வு, முடி கொட்டுறது எல்லாம்..."

"இதால இருக்கலாம்."

"கோபம் டாக்டர்?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எரிச்சல், அழுகை, மனசு பாரமா இருக்கிறதுன்னு நிறைய பேர் சொல்றாங்கதான். உனக்கும் அதுல இதோட பங்கு இருக்கலாம். ஆனா எவ்வளவு இதால, எவ்வளவு உன்னாலன்னு அளந்து சொல்றதுக்கு நம்மகிட்ட கிட் இல்லம்மா."

பின்பாதி இவள் காதில் ஏறவே இல்லை. பங்கு இருக்கலாம் என்றது மட்டும் ஏறியது. நோய் வந்ததற்குச் சந்தோஷப்பட்ட பொம்பளையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அன்றைக்கு பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, ரிப்போர்ட் கவரை மடியில் வைத்து, கல்யாணப் பத்திரிகையைத் தடவுகிற மாதிரி தடவிக்கொண்டே போனாளே, அவள்தான். இவளுக்கு இப்போது ஒரே ஒரு விஷயம்தான் வேண்டியிருந்தது. மகள் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும்.

மகள் எட்டு மாதமாக அத்தை வீட்டில் இருக்கிறாள். எட்டாவது படிக்கிற பெண். அத்தை வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரம், அதனால் இந்த வருடம் முடிகிறவரை அங்கேயே இருக்கட்டும் என்று வெளியே சொல்லிக்கொண்டார்கள். உண்மை வேறு. பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்காக மகள் மூன்று நாள் உட்கார்ந்து ஒரு பெரிய அட்டையில் காட்டை வரைந்திருந்தாள். ஒவ்வொரு இலைக்கும் தனித்தனிப் பச்சை. சமையலறைக் கத்தரிக்கோலைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்த இவள், அதை அந்த அட்டைக்கடியில் பார்த்தாள். பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்த உடம்பு. அட்டையைத் தூக்கி இரண்டாகக் கிழித்தாள்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கிழித்தபின் மகளின் முகத்தைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். பார்த்துவிட்டு, இரண்டு துண்டையும் சேர்த்துப் பிடித்து இன்னொரு முறை கிழித்தாள். முதல் கிழியை நோயின் தலையில் கட்டிவிடலாம். அந்த இரண்டாவது கிழி யாருடையது? பஸ்ஸில் இந்த நினைப்பு வந்தபோது அதைத் தலையைச் சிலுப்பி விரட்டினாள். வேண்டாம், இன்றைக்கு ஒரு நாளாவது சந்தோஷமாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று இருந்தது அவளுக்கு.

கணவன் ரிப்போர்ட்டை மேலும் கீழும் படித்தான். புரிந்ததோ என்னவோ, எண்ணின் பருமன் புரிந்தது. "அடேயப்பா! ஆயிரத்து முந்நூறா?" என்றான். அப்புறம் நாற்காலியில் சாய்ந்து பெரிதாக மூச்சுவிட்டான். "அப்பாடா. நான்கூட என் மேலதான் ஏதோ தப்புன்னு நினைச்சுட்டு இருந்தேன். குடிச்ச டம்ளரை எடுத்து வைக்கலைன்னு நீ ஆடுன ஆட்டத்துக்கெல்லாம் இதானா காரணம்!"

இல்லை, டம்ளருக்கு டம்ளர்தான் காரணம் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அவன் அவ்வளவு பிரியமாக அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தான். எத்தனையோ நாளைக்கப்புறம் தடவுகிறான். விட்டுவிட்டாள். அவன் குடித்த டம்ளர் ஜன்னல் விளிம்பிலேயே இருந்தது. இவள்தான் எடுத்துக் கழுவி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மகள் இருக்கிற நாத்தனார் வீட்டுக்குப் போனார்கள். கணவனுக்கு அக்கா, இவளுக்கு அண்ணி. கையில் எப்போதும் துடைக்கும் துணியோடு இருக்கிற பொம்பளை. அவள் வீட்டில் செருப்புகூட வரிசை தப்பாமல் நிற்கும். கணவனே விஷயத்தைச் சொன்னான், ஏதோ பரிசு விழுந்த மாதிரி. அண்ணி துணியைக் கீழே வைத்துவிட்டு இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடிப் பாவமே! இவ்வளவையும் உள்ள வச்சுக்கிட்டா நடமாடிட்டு இருந்த? நாங்க உன்னை என்னென்னவோ நினைச்சுட்டோமே" என்றாள். அவள் கண் நிஜமாகவே கலங்கியது. இவளுக்கும் கலங்கியது. மகள் உள் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வளர்ந்திருந்தாள். இங்கே வந்தபிறகு தைத்த ஏதோ ஒரு பச்சைச் சட்டை போட்டிருந்தாள்.

இதுதான் நேரம் என்று இவள் ஆரம்பித்தாள். "பரீட்சை முடிஞ்சதும் நானே வந்து கூட்டிட்டுப் போறேன் அண்ணி. நீங்களும் எட்டு மாசமா பாத்துக்கிட்டீங்க."

அண்ணி தம்பியைப் பார்த்தாள். தம்பி சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான்.

"நீ இன்னும் சொல்லலையாடா?" என்றாள் அண்ணி. பிறகு இவளிடம், சின்னக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். "அவ பத்தாவது முடிக்கிறவரைக்கும் இங்கேயே இருக்கட்டும்னு முடிவு பண்ணிட்டோம்மா. ஸ்கூல் ஃபாரத்துல கார்டியன்னு என் பேரைப் போட்டு இவன் கையெழுத்தும் போட்டாச்சு. போன மாசமே."

"போன மாசமா?"

"இப்ப பாத்தா அதுவும் நல்லதுக்குத்தான் போலிருக்கு. நீ முதல்ல உடம்பைத் தேத்து. இது இனிமே ஆயுசுக்கும் இருக்கிற சமாச்சாரம்னு சொல்றாங்களே."

இவள் நெஞ்சுக்குள் துடிப்பை எண்ணினாள். வேலைப் பழக்கம். எழுபத்திரண்டு இருக்கும். கோபம் வந்தால் காது சூடாகும், விரல் நுனி விறுவிறுக்கும், பார்வையின் ஓரங்கள் மங்கும். அவற்றில் ஒன்றுமே இல்லை. தெள்ளத் தெளிவாக இருந்தாள். அந்தத் தெளிவோடு கணவனிடம் கேட்டாள். "பெத்தவ நான். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

குரல் உயரவில்லை. அவள் வாழ்க்கையில் அதைவிட மெதுவாக ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டாள். ஆனால் அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் முன்னெல்லாம் வெறுப்பாவது இருக்கும், பயமாவது இருக்கும். இப்போது இரக்கம் இருந்தது.

"பாத்தீங்களாக்கா, இப்படித்தான் ஆரம்பிக்கும்" என்றான் கணவன். இவள் தோளில் கை வைத்தான். "நீ சங்கடப்படாத கடுகு. உன் மேல தப்பே இல்ல. இது நீ பேசுறது இல்ல, அந்தத் தைராய்டு பேசுது."

"நான்தாங்க பேசுறேன்."

"சரி சரி, நீதான்."

"இன்னைக்கு மாத்திரை போட்டியாம்மா?" என்றாள் அண்ணி.

போட்டிருந்தாள். காலையில் வெறும் வயிற்றில், டாக்டரம்மா சொன்ன மாதிரியே. அதைச் சொன்னாள். சொன்னது யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை. தப்பு இவள் பேரில் இருந்தவரை, திருப்பிக் கத்தவாவது எதிரில் ஆள் இருந்தார்கள். இப்போது அதுவும் போயிற்று. இந்த ரிப்போர்ட்டை இவளே கவரில் போட்டு, இவளே பஸ் ஏறிக் கொண்டுவந்து, இவர்கள் கையில் கொடுத்திருக்கிறாள். இனி ஆயுசுக்கும் இவள் எதற்குக் கோபப்பட்டாலும் எடுத்துக் காட்ட ஓர் எண் இருக்கிறது, ஆயிரத்து முந்நூற்று ஒன்று.

"கண்ணு, அம்மாவுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டா" என்று அண்ணி உள்ளே பார்த்துச் சொன்னாள்.

மகள் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். பதற்றத்தில் விளிம்புவரை நிரப்பிவிட்டாள் போலிருக்கிறது. இரண்டு கையாலும் பிடித்து, தண்ணீரைவிட்டுக் கண்ணை எடுக்காமல், ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்து வந்தாள். அம்மாவுக்கு முன்னால் ஒரு சொட்டும் சிந்திவிடக் கூடாது என்று வந்தாள். இந்த நடையை இவளுக்குத் தெரியும். அட்டை கிழிந்த நாளிலிருந்து, அத்தை வீட்டுக்குப் போகிறவரை, மகள் தங்கள் வீட்டில் இப்படித்தான் நடந்தாள். பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம், அன்னைக்குக் கிழிச்சது அம்மா இல்லடா கண்ணு என்பது, நாக்கு நுனிவரை வந்து நின்றது. சொல்ல முடியவில்லை. சொன்னால், இப்போது கணவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவளும் அம்மா இல்லை என்று ஆகிவிடும்.

மகள் டம்ளரை நீட்டினாள். அவள் கண் இவள் முகத்தில் இல்லை, இவள் விரல்களில் இருந்தது. அண்ணியும் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவனும்தான். கை லேசாக நடுங்கினால் போதும், அதையும் எழுதிக்கொள்வார்கள். இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள். விளிம்பில் தளும்பி நின்ற தண்ணீரை மூன்று பேரோடு சேர்ந்து இவளும் பார்த்துக்கொண்டே, டம்ளரை மகளின் கையிலிருந்து மெல்ல, மெல்ல வாங்கினாள்.