திலகவதி கேட்ட கடைசிக் கேள்வி

வெள்ளிக்கிழமை மாலை ஏழரை மணிக்குச் சற்று முன்னால், கறுப்பு அங்கி அணிந்த வக்கீல் திலகவதி சாட்சிக் கூண்டை நெருங்கி, "உங்க மனைவி யாருன்னு இந்தக் கோர்ட்டுக்குச் சொல்லுங்க" என்று கேட்டாள். கூண்டில் நின்ற மளிகை வியாபாரி சதாசிவம் வாயைத் திறந்தான். திறந்த வாயோடு படம் அப்படியே நின்றுவிட்டது. வழக்கமாக வரும் 'தொடரும்' வரவில்லை. இதுவரை ஆதரவளித்த நேயர்களுக்கு நன்றி என்று எழுத்து ஓடியது.

பிரபா மடியில் இருந்த சின்ன வெங்காயத்தை உரிக்காமல் விளம்பரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை ஏழு மணிக்கு அதே டிவியில் குழந்தைகள் நடனமாடினார்கள்.

வெண்ணந்தூரில் அவள் வேலை செய்யும் தறிப்பட்டறையில் அன்று பகல் முழுக்க இதே பேச்சுதான். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி பக்கத்துத் தறி உண்ணாமலைக்குத் தொண்டை கட்டிவிட்டது.

"தீர்ப்புச் சொல்லாம நிறுத்துனவன் வெளங்குவானா? பாக்கறதுக்கு ஆளில்லையாமா. இங்க ஊடு ஊடா அதுதான ஓடுச்சு, அதை எவன் வந்து எண்ணுனான்?"

"நாடகம் நின்னா தறியும் நிக்கோணுமாங்க?" என்றார் பட்டறைக்காரர் சின்னண்ணன்.

"பேசாதீங்க. சதாசிவம் பொண்டாட்டி செங்கமலம் கோர்ட்டுல அழுதன்னைக்கு நீங்க துண்டுல மூஞ்சியத் தொடச்சது உங்க சம்சாரம் சொல்லித் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். பிரபாவும் சிரித்தாள். ஆனால் அவள் மனசு ஏழரை மணியிலேயே இருந்தது. ஏழரைக்குப் பூபதி கூப்பிடுவான்.

பூபதி அவள் புருஷன். போர்வெல் போடும் ரிக்கு வண்டியில் டிரில்லர். புரட்டாசியில் சத்தீஸ்கர் பக்கம் போகிற வண்டி, அங்கே மழை பிடித்த பிறகுதான் ஊர் திரும்பும். கல்யாணமான பதினேழு வருஷத்தில் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலத்தைச் சேர்த்தால் ஐந்து வருஷம் தேறாது. ஒரே மகள் அபிநயா திருச்செங்கோட்டுப் பக்கம் விடுதிப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். வீட்டில் பிரபா மட்டும்தான்.

போனில் அவர்கள் பேச்சு முன்பெல்லாம் ஒரு நிமிஷத்தைத் தாண்டாது. சாப்டியா, மழை பேஞ்சுதா, பாப்பா கூப்டாளா, வெச்சர்றேன். அவ்வளவுதான். போன மழைக்காலத்தில் ஊருக்கு வந்திருந்தபோதுதான் பூபதி இந்த நாடகத்தைப் பார்த்தான். முதல் நாள் கேலி செய்தான். நான்காம் நாள் ஆறே முக்காலுக்கே டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டான். திரும்பிப் போன இடத்தில் டிவி கிடையாது, படம் ஓடுகிற அளவுக்கு சிக்னலும் கிடையாது. "இன்னைக்கு என்னாச்சு?" என்று அவளைக் கேட்க ஆரம்பித்தான். அவள் ஒன்றுவிடாமல் சொல்வாள். திலகவதி எப்படிக் கண்ணாடியைக் கழற்றினாள், நீதிபதி எப்படி இருமினார் என்பது வரைக்கும். இருபது நிமிஷம், சில நாள் அரைமணி நேரம். சதாசிவத்துக்கு இரண்டு குடும்பம் இருப்பது அம்பலமான நாளில், "அடப்பாவி!" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லை நினைத்துக்கொண்டு அவள் ஒரு வாரம் தறி ஓட்டினாள்.

அன்று ஏழரைக்குப் போன் அடித்தது.

"வெள்ளிக்கெழம அவன் வாயத் தொறந்தானல்ல? இன்னைக்கு என்னாச்சு?"

நின்றுபோனது என்று சொல்ல வேண்டியதுதான். சொன்னால் அடுத்தது சாப்டியா, மழை பேஞ்சுதா.

"மயங்கி உழுந்துட்டானுங்க" என்றாள்.

"மயக்கமா? நடிக்கறான் பாரு!"

"ஜட்ஜும் அதைத்தானுங்க சொல்றாரு. வாய்தா போட்டுட்டாங்க."

அன்றிலிருந்து நாடகத்தை அவளே நடத்தினாள். பகலில் நாலு தறிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, அன்றைய மாலைக்கு வேண்டியதை யோசிப்பாள். இழை அறுந்தது தெரியாமல் இரண்டு முழத் துணி பாழாகி, சின்னண்ணனிடம் வசவு வாங்கினாள். சதாசிவத்துக்கு ஒரு பொய்ச் சாட்சியைக் கொண்டுவந்தாள். திலகவதியைக் காய்ச்சலில் படுக்க வைத்தாள். அவன் பெண்டாட்டி செங்கமலத்தைக் கூண்டில் ஏற்றியபோது மட்டும் யோசிக்கவே தேவையிருக்கவில்லை.

"நா அவரைக் குத்தம் சொல்லலீங்க, அவரு தட்டுல சோறு போட்டு எத்தன நாளாச்சுன்னு மட்டும் கேளுங்கன்னு சொல்லுச்சுங்க" என்றாள் போனில்.

பூபதி "பாவம்" என்றான்.

அது யாருக்குச் சொன்ன பாவம் என்று அவளுக்குத் தெரியவில்லை. தனக்கென்றே எடுத்துக்கொண்டாள்.

ஆனி பிறந்தது. வடக்கே மழை பிடித்துவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். "இந்த வருசம் வண்டி இங்கயே நிக்குது, மொதலாளி என்னையக் காவலுக்குப் போட்டுட்டாரு" என்றான் பூபதி. அப்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். எந்நேரமும் அவன் குரலுக்குப் பின்னால் இரைந்துகொண்டிருந்த வண்டியின் கம்ப்ரசர் சத்தம் இல்லை. அதற்குப் பதிலாகக் குக்கர் விசில் கேட்டது.

ரிக்கு வண்டிக்காரர்கள் பதினைந்து பேருக்குக் குண்டாவில் பொங்குகிறவர்கள். குக்கர் வைத்துக்கொள்ள மாட்டார்கள். முதல் நாள், பக்கத்து வீடாக இருக்கும் என்று நினைத்தாள். மறுநாள் விசில் வந்ததும் அவன் குரல் சட்டென்று அமுங்கியது. போனின் வாயை உள்ளங்கையால் பொத்துகிறான். மூன்று விசில் முடிந்து கையை எடுத்தான். "ம், சொல்லு" என்றான். அவள் சொன்னாள். அதற்கடுத்த நாளும் பொத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்கத் திருச்செங்கோட்டுக்குப் பஸ்ஸில் போனாள். ஊருக்கு வெளியே பெயிண்ட் பட்டறையில் ரிக்கு வண்டிகள் வரிசையாக நின்றன. மூன்றாவதாக நின்றது பூபதியின் வண்டி. முன்கண்ணாடிக்கு மேலே அபிநயாவின் பெயரை அவன்தான் சின்னதாக எழுதச் சொல்லியிருந்தான். அந்தப் பெயரைப் பாதி சுரண்டிவிட்டு ஒருவன் புதுப் பச்சை அடித்துக்கொண்டிருந்தான். பஸ் நிற்கவில்லை.

விடுதியில் மகள் கேட்டாள், "அப்பா ஆடிப் பதினெட்டுக்கு வந்துருவாரல்லம்மா? ஜேடர்பாளையம் ஆத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு."

"வருவாரு சாமி."

அன்று மாலை போன் அடித்தது.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழம, நாடகம் இல்லையே" என்று சிரித்தான் பூபதி.

"இன்னைக்கு விசேஷமா ஒரு மணி நேரம் போட்டானுங்க."

"அப்படியா? என்னாச்சு?"

"திலகவதி ஒரு குக்கரைக் கொண்டாந்து ஜட்ஜு முன்னால வெச்சுதுங்க."

"குக்கரா?"

"ஆமாங்க. வெளியூரு போனா லாட்ஜுலதான் தங்கறேன்னு சதாசிவம் சொல்றானல்லங்க? லாட்ஜுல ஏதுங்க குக்கர்? செங்கமலத்துகிட்டப் பேசறப்பெல்லாம் மூணு விசில் கேக்குமாமா. உடனே போனைக் கையில பொத்திக்குவானாமா."



"அப்பறம்?" என்றான், சிரிப்பில்லாமல்.

"அப்பறம், சரக்கு வண்டி ஊருக்கு வந்து பெயிண்டு அடிச்சுட்டு நிக்குது, வண்டியோட போனவன் எங்கேன்னு கேட்டுதுங்க."

"அதுக்கு சதாசிவம் என்ன சொன்னான்?"

"அதை நீங்கதானுங்க சொல்லோணும்."

பிரபாவின் காதோடு ஒட்டியிருந்த போன் சூடாகிவிட்டது. காதை மாற்றினாள். அந்த நொடியில் ஏதும் சொல்லியிருப்பானோ என்று பயந்து மறுபடி அழுத்திக்கொண்டாள்.

"நாடகம் நின்னுபோனது எனக்குத் தெரியும் பிரபா" என்றான். "எங்க வண்டி டிரைவர் சென்னிமலை அன்னைக்கே சொல்லிட்டான்."

"அப்பறம் ஏனுங்க தெனமும் கேட்டீங்க?"

"நீ கதை சொல்ற வரைக்கும் நா ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லையல்ல. அதான்."

அவள் சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தாள். எத்தனை காலம் என்று கேட்டாள். ரெண்டு வருசம் என்றான். குழந்தை இருக்கிறதா என்று கேட்டாள். பதில் இல்லை. அந்தப் பதிலில்லாமையை ஒரு முறை கேட்டதே போதும் என்று இருந்தது.

"பாப்பா ஆடிக்கு எதிர்பாக்கறாளுங்க."

"பாக்கலாம்."

"வருவீங்களா, மாட்டீங்களா? ஒண்ணு சொல்லிருங்க. எதுவா இருந்தாலும் நா தாங்கிக்கறேன்."

இத்தனை வருஷத்தில் அவள் கேட்டிராத, கெஞ்சுகிற குரல் அவனிடமிருந்து வந்தது.

"திலகவதிகிட்டச் சொல்லி ஒரு வாய்தா வாங்கிரு பிரபா. தீர்ப்பெல்லாம் இப்ப வேண்டாம்."

"திலகவதி இல்லீங்க" என்றாள் அவள். "நிறுத்திட்டாங்க."

போனை வைத்தது அவனா தானா என்று பிறகு யோசித்தபோது அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

மறுநாள் பட்டறையில் உண்ணாமலை புதுச் செய்தியோடு வந்தாள். டிவிக்காரர்களுக்கு ஊரே சேர்ந்து கடிதம் எழுதினால் நாடகத்தை மறுபடி போடுவார்களாம். வெள்ளைத்தாளில் வரிசையாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். சின்னண்ணன்கூடப் போட்டிருந்தார்.

"போடு கண்ணு. அவன் என்னதான் சொன்னான்னு தெரியாமச் சாவறதா?"

"எனக்கு வேண்டாங்க்கா" என்று சொல்லிவிட்டுப் பிரபா அறுந்த இழையை முடிந்தாள்.

"நீதான பைத்தியமாப் பாத்துக்கிட்டு இருந்தவ!"

அவள் தறியை ஓட்டிவிட்டாள். அதற்கு மேல் உண்ணாமலை பேசியது காதில் விழவில்லை.

மாலை டிவியைப் போடவில்லை. சோற்றை வைத்துவிட்டு, கூப்பிட மாட்டான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, போனைப் பக்கத்தில் வைத்து உட்கார்ந்திருந்தாள். சரியாக ஏழரைக்கு அடித்தது. எடுக்கக் கூடாது என்று நினைத்து முடிப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

"சாப்டியா?"

"இனிமேதானுங்க."

"மழ பேஞ்சுதா?"

"லேசாத் தூறுச்சுங்க."

"பாப்பா கூப்டாளா?"

"நேத்துத்தான் பாத்துட்டு வந்தேனுங்க."

"சரி."

அவன் குரலுக்குப் பின்னால் விசில் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. இந்த முறை அவன் போனைப் பொத்தவில்லை.

"வெச்சர்றேன்" என்றான்.

"சரிங்க" என்றாள் பிரபா.